பேச்சுத்துணையோடு ஆங்கிலம் பேசிப் பழகுதல்

குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவது என்று ஒப்புக்கொண்ட இருவர் ஒருவருக்கொருவர் பேச்சுத்துணை. இதில் யாரும் ஆசிரியர் இல்லை, யாரும் மாணவர் இல்லை. பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்து, ஆங்கில நாளிதழை வாசித்துப் புரிந்துகொண்டு, விண்ணப்பமும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருவர் நேர்முகத் தேர்வில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாமல் திணறுவது தமிழ்நாட்டில் அன்றாடக் காட்சி. அவரை இன்னொரு இலக்கணப் புத்தகம் காப்பாற்றாது. தெரிந்த ஆங்கிலத்தைப் பேச்சின் வேகத்தில் எடுத்துக் கோக்கும் பழக்கம்தான் அவருக்கு வேண்டும். அந்தப் பழக்கம் எதிரே ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கும்போதுதான் வரும்.

பேச்சின் வேகம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையில் சராசரியாக 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே சுமார் 600 மில்லி விநாடி பிடிக்கும். ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும்போதே பதிலை அடுக்கத் தொடங்குபவரால்தான் உரையாட முடியும். கேள்வியைத் தமிழாக்கி, பதிலைத் தமிழில் யோசித்து, அதை ஆங்கிலமாக்கிச் சொல்ல நினைப்பவருக்குள் வாக்கியம் தயாராவதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும்.

கேட்பதும் வாசிப்பதும் மட்டும் போதாது என்பதற்குக் கனடாவில் நல்ல சான்று கிடைத்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே சில பள்ளிகளில் பெரும்பாலான பாடங்களைப் பிரெஞ்சிலேயே கற்பித்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் பிரெஞ்சை மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியே இருந்தார்கள். இதை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்துப் பின்னர் அதை விரித்துரைத்தார். பேச முயலும்போதுதான் தனக்கு எது வரவில்லை என்பது கற்பவருக்கே தெரிகிறது. அந்த உணர்வே அடுத்த முன்னேற்றத்துக்கு வழி திறக்கிறது என்றார். பேச்சுத்துணைப் பயிற்சியின் அடிப்படை இதுவே. தட்டுத் தடுமாறும் இடங்கள்தான் இந்தப் பயிற்சியின் விளைச்சல். தடுமாறாமல் ஓடிய ஒரு மணி நேர அரட்டை இனிமையாக இருக்கும், ஆனால் பெரிதாக எதையும் கற்றுத் தராது.

யாரோடு பேசுவது

ஆங்கிலத்தில் புலமை மிக்க ஒருவர்தான் வேண்டும் என்று தேடிப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது வீண். மிகவும் நன்றாகப் பேசுபவரோடு அமர்ந்தால், பெரும்பாலும் அவரே பேசுவார், கற்பவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ளவரோ ஒரு படி மேலே உள்ளவரோ போதும். இருவரும் தப்பும் தவறுமாகப் பேசினால் ஒருவர் பிழை மற்றவருக்குத் தொற்றாதா என்ற கேள்வி எழும். ஓரளவு தொற்றும். ஆனால் இரண்டு தமிழர்கள் ஆங்கிலம் பேசும்போது செய்யும் பிழைகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருவரிடமும் இருப்பவைதாம். புதிதாகத் தொற்ற அதிகம் இல்லை. அவற்றைக் களையும் வழி பின்னால் வருகிறது.

துணையிடம் பார்க்க வேண்டிய குணங்கள் மூன்று: சொன்ன நேரத்துக்கு வருவது, மற்றவர் முடிக்கும்வரை பொறுப்பது, சிரிக்காமல் இருப்பது. மூன்றாவதைச் சிறிதாக எண்ணக் கூடாது. நண்பர்கள் நடுவே ஒருவர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினால் 'என்னடா, பீட்டர் விடுறே' என்று உடனே கிண்டல் வரும். தவறாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினாலும் சிரிப்பு என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? அதனால் நெருங்கிய நண்பரைவிட, இதே தேவை உள்ள ஓரளவு அறிமுகமானவர் நல்ல துணையாக அமைவது உண்டு. விடுதியில் அடுத்த அறைக்காரர், போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் பக்கத்து இருக்கைக்காரர், அலுவலகத்தில் வேறு பிரிவில் வேலை பார்ப்பவர் எனத் தேடலாம். கணவனும் மனைவியும் துணையாக இருப்பது எழுத்தில் அழகாகத் தெரியும். நடைமுறையில் பேச்சு எரிவாயு சிலிண்டர் பதிவு செய்தாயா என்பதில் வந்து நின்று தமிழுக்குத் திரும்பிவிடும்.

வயதில் பெரிதும் மூத்தவரைத் துணையாக்கிக்கொண்டால் இளையவர் குறுக்கே கேட்கத் தயங்குவார். வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார்' போடுவார். அப்படி அமைந்தால், பயிற்சி நேரத்தில் கேள்வி கேட்கும் பொறுப்பை இளையவரிடம் கொடுத்துவிடுவது ஒரு தீர்வு.

இணையத்தின் வழி முன்பின் தெரியாதவரோடு பேசுவோர் முகவரி, பணியிடம், வங்கி விவரம் எதையும் சொல்லாமல் இருப்பதும், நேரில் சந்திப்பதானால் பொது இடத்தில் சந்திப்பதும் கட்டாயம்.

எப்போது, எவ்வளவு நேரம்

வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, வாரத்தில் நான்கு நாள் அரை மணி நேரம் பேசுவது நல்லது. அரை மணி நேரத்துக்கு மேல் அயல்மொழியில் பேசினால் தொடக்க நிலையில் உள்ளவர் களைத்துப்போவார். களைத்தவுடன் தமிழ் தானாக வரும். ஒருவர் பத்து நிமிடம், மற்றவர் பத்து நிமிடம், பிறகு திருத்தத்துக்குப் பத்து நிமிடம் எனப் பிரித்துக்கொள்வது எளிய ஏற்பாடு. கைபேசியில் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கூச்சம் இல்லாதவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வார்.

தமிழுக்கு முழுத் தடை விதிப்பது பலருக்குச் சரிப்படுவதில்லை. ஒரு சொல் வராமல் ஐந்து நிமிடம் மௌனமாக இருப்பதில் என்ன பயன்? தமிழ்ச் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே முடிக்கலாம் என்றும், முழு வாக்கியமாகத் தமிழுக்கு மாறக் கூடாது என்றும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

என்ன பேசுவது

'ஏதாவது பேசலாம்' என்று உட்காரும் இருவர் இரண்டாம் நாளே பேச ஒன்றுமில்லாமல் போய்விடுவார்கள். சாப்பாடு ஆயிற்றா, வேலை எப்படி, வெயில் அதிகம் என்பதோடு சரக்கு தீர்ந்துவிடும். ஒருவருக்குத் தெரிந்த ஒன்று மற்றவருக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொண்டால்தான் வேலை நடக்கும் என்ற நிலையை உண்டாக்கினால் பேச்சு தானாக ஓடும்.

அதற்குப் பொருள் வெளியில் தேட வேண்டியதில்லை. எந்த வீட்டிலும் இருக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை போதும். பத்திரிகையை ஒருவர் கையில் வைத்துக்கொள்ள, மற்றவர் கேள்விகளாலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபம் எங்கே, மணமகன் என்ன படித்திருக்கிறார், வரவேற்பு முதல் நாளா மறுநாளா. தமிழர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதே கடினம். தமிழில் 'வருவீங்க' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி ஆகிவிடும். 'எப்ப' என்று சேர்த்தாலும் மற்றச் சொற்கள் இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் சொற்கள் இடம் மாற வேண்டும், 'டூ', 'டிட்' போன்றவை நுழைய வேண்டும். 'வென் யூ வில் கம்?', 'வேர் யூ வென்ட்?', 'டிட் யூ வென்ட்?' எல்லாம் இங்கே பிறப்பவை. பத்திரிகைப் பயிற்சியை ஐந்தாறு முறை செய்தால் 'வென் வில் யூ கம்?', 'வேர் டிட் யூ கோ?' என்பவை வாய்க்குப் பழகிவிடும்.

அடுத்தது, பெயர் சொல்லாமல் பொருளை விளக்குவது. அரிவாள்மனை, அம்மி, முறம், இடியாப்ப அச்சு போன்றவற்றுக்கு நேர் ஆங்கிலச் சொல்லைத் தேடாமல், அது எதற்குப் பயன்படும், எப்படி இருக்கும், யார் எங்கே உட்கார்ந்து அதைப் பயன்படுத்துவார்கள் என்று விளக்க, மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். சொல் வராதபோது வாயடைத்துப் போகாமல் சுற்றி வளைத்தாவது சொல்லிவிடும் திறமை பேச்சில் மிகப் பெரிய சொத்து. இந்த விளையாட்டைப் போல அதை வளர்ப்பது வேறு எதுவும் இல்லை.

வழி சொல்வதும் நல்ல பயிற்சி. பேருந்து நிலையத்திலிருந்து தன் வீட்டுக்கு வரும் வழியை ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுக் காகிதத்தில் வரைய வேண்டும். வரைந்தது சரியா என்பதே பேச்சு புரிந்ததா என்பதற்குச் சான்று. மதிப்பெண் போடத் தனி ஆள் தேவையில்லை.

இவற்றுக்கு முன்பே சில வாக்கியங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. 'குட் யூ ஸே தட் அகெய்ன்?', 'டூ யூ மீன்...?', 'லெட் மீ திங்க்', 'வாட் ஐ மீன் இஸ்...' போன்றவை மூச்சு வாங்க நேரம் தரும். புரியாத இடத்தில் 'எஸ், எஸ்' என்று தலையாட்டுவது நம்மவர் மரியாதை. பயிற்சியில் அதுவே முதலில் விட வேண்டியது.

ஒரே விஷயத்தை மூன்று முறை

மொழி ஆசிரியர்களிடையே '4/3/2' என்று வழங்கும் முறையைக் கீத் மொரிஸ் 1983இல் எழுதினார். பிறகு பால் நேஷன் அதை ஆராய்ந்து பரப்பினார். ஒருவர் ஒரு விஷயத்தை முதலில் நான்கு நிமிடமும், அதே விஷயத்தை வேறொருவரிடம் மூன்று நிமிடமும், இன்னொருவரிடம் இரண்டு நிமிடமும் சொல்வார். மூன்றாம் முறை சொல்லும்போது தயக்கம் குறைந்து வேகம் கூடும். முதல் தடவையில் என்ன சொல்வது, எந்தச் சொல் என்பவற்றுக்கே கவனம் போய்விடும். மூன்றாம் தடவையில் அவை கையில் இருப்பதால் வாக்கியத்தைக் கவனிக்க இடம் கிடைக்கும்.

துணை ஒருவர் மட்டும் இருந்தால் அதே கதையை மூன்று முறை கேட்டு அவர் கொட்டாவி விடுவார். அவருடைய வேலையை மாற்றினால் அந்தச் சிக்கல் தீரும். முதல் தடவை அவர் புரிந்துகொள்ள மட்டும் கேட்கட்டும். இரண்டாம் தடவை பிழைகளைக் குறித்துக்கொள்ளட்டும். மூன்றாம் தடவை நடுநடுவே கேள்வி கேட்கட்டும். இந்த அத்தியாயத்தில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் உண்டு என்பவர் இதையே எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கொரு புதிய தலைப்பு என்று ஓடுகிறவர்கள் ஒவ்வொரு தலைப்பிலும் முதல் தடவைத் தடுமாற்றத்தோடேயே நின்றுவிடுகிறார்கள்.

தமிழ் வாக்கியம் இழுக்கும் இழுப்பு

தமிழில் வினை கடைசியில் வரும். 'நேத்து மதுரையில எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்' என்று மனத்தில் ஓடும் வாக்கியத்தை அப்படியே பெயர்க்கிறவர் 'யெஸ்டர்டே மதுரை மை சிஸ்டர் ஹவுஸ்...' என்று தொடங்கி வினைக்காக அலைவார். கடைசியில் 'போயிருந்தேன்' என்பதன் தடத்தில் 'ஐ ஹேட் கான்' என்று முடிப்பார். ஆளையும் வினையையும் முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பின்னால் தொங்கவிடுவதே இதற்கு மருந்து: 'ஐ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே. மை சிஸ்டர் லிவ்ஸ் தேர்.' நீள வாக்கியத்தை இரண்டாக உடைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்றாகப் பேசுகிறவர்களும் பேச்சில் சிறு வாக்கியங்களையே அடுக்குகிறார்கள்.

சொல்வளம் இல்லை என்று வருந்துவோர் தம் தமிழையே கவனித்துப் பார்க்கலாம். 'ட்ரை பண்றேன்', 'கன்ஃபர்ம் பண்ணிட்டேன்', 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க', 'மிஸ் பண்ணிட்டேன்' என்று நாள் முழுவதும் ஆங்கில வினைகளைத்தான் பேசுகிறோம். காலம் காட்டும் வேலையை எல்லாம் 'பண்ணு' எடுத்துக்கொள்வதால், அந்த வினைகளை ஆங்கிலக் கால வடிவில் பயன்படுத்தும் பழக்கம் மட்டும் வரவில்லை. ஒருவர் 'பண்ணு' வாக்கியம் ஒன்றைச் சொல்ல, மற்றவர் உடனே அதை முழு ஆங்கிலமாக்க வேண்டும். 'கன்ஃபர்ம் பண்ணிட்டேன்' என்றால் 'ஐ'வ் கன்ஃபர்ம்ட் இட்'. 'மிஸ் பண்ணிடுவேன்' என்றால் 'ஐ'ல் மிஸ் இட்'. ஐந்து நிமிடப் பயிற்சிக்கு இது போதும்.

'தான்' என்பதை எல்லா இடத்திலும் 'ஒன்லி' ஆக்குவது, 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபௌட்' சேர்ப்பது, 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பவை இந்தியா முழுவதும் கேட்பவை. பொருள் விளங்குவதால் தொடக்கத்தில் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். கேள்வி வடிவமும் இறந்தகாலமும் சரியான பிறகு இவற்றைக் கவனிக்கலாம்.

திருத்துவது

பேச்சின் நடுவே திருத்துகிற துணை, கொஞ்ச நாளில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தினால் பேசுகிறவர் என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துவிடுவார். குறிப்பேட்டில் குறித்துக்கொண்டு, பேசி முடித்த பிறகு இரண்டு மூன்றை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும். ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழை, உதாரணமாக இறந்தகால வினை என்று வைத்துக்கொண்டால் பேசுகிறவர் காதும் அதற்குக் கூர்மையாகும்.

எப்படித் திருத்துவது என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. பிழையாகச் சொன்னதைச் சரியான வடிவில் தானே திருப்பிச் சொல்வதுதான் பெரும்பாலோர் வழக்கம். ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் மான்ட்ரியால் பகுதியில் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகை. ஆனால் மாணவர்கள் அதைக் கேட்டுத் தம் பேச்சைத் திருத்திக்கொண்டது குறைவு. திருத்தம் என்றே பலர் உணர்வதில்லை. ஆமோதிப்பு என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். 'யெஸ்டர்டே ஐ கோ...' என்று துணை சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே இழுத்து நிறுத்தினால், பேசியவரே 'வென்ட்' என்று திருத்துவார். தானே எடுத்த சொல் மறப்பதில்லை.

எது சரி என்று இருவருக்கும் கருத்து வேறுபட்டால் வாதாட வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவை கற்பவர்களுக்கென்றே வெளியிடும் அகராதிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் மாதிரி வாக்கியமும் உச்சரிப்பு ஒலியும் உண்டு. குறித்து வைத்து, அடுத்த சந்திப்புக்குள் ஒருவர் பார்த்து வரலாம்.

உச்சரிப்பு

ஆங்கிலேயர் போல ஒலிக்க வேண்டும் என்ற ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, எதிராளிக்குப் புரியாமல் போகும் இடங்களை மட்டும் சரிசெய்வது புத்திசாலித்தனம். தமிழர்களுக்கு அவை எளிதில் அடையாளம் காணக்கூடியவை. சொல்லின் இறுதியில் உகரம் ஒட்டுவது ஒன்று: 'புக்கு', 'பஸ்ஸு', 'பேங்க்கு'. எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு யகரம் சேர்த்து 'யெவ்ரி', 'யெக்' என்பது இன்னொன்று. ஃபகரத்தைப் பகரமாக்கினால், குடிக்கிற காஃபியும் நகலெடுக்கிற காப்பியும் ஒன்றாகிவிடும். தமிழில் ககரமும் பகரமும் இடத்துக்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிப்பதால், 'பேக்' என்னும் பை, பின்புறம் என்னும் 'பேக்' இரண்டின் இறுதி ஒலியையும் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். துணை கண்ணை மூடிக்கொண்டு, கேட்டது பையா பின்புறமா என்று விரல் நீட்டிக் காட்டட்டும். தவறிய இடம் உடனே தெரியும்.

இவற்றைவிட முக்கியமானது அழுத்தம். தமிழில் அசைகள் ஏறக்குறையச் சம நடையில் செல்லும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கும், மற்றவை தேயும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும்; அதை எடுப்பவரைக் குறிக்கும் 'ஃபொட்டாக்ரஃபர்' என்பதில் இரண்டாம் அசை; 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாவது. அழுத்தம் இடம் மாறினால், ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொன்னாலும் அயல்நாட்டார் முகத்தில் குழப்பம் தெரியும். அகராதி ஒலியைக் கேட்டுக்கொண்டே, ஓங்கும் அசையில் மேசையைத் தட்டிச் சொல்லிப் பார்க்கலாம்.

இருவருக்கு அப்பால்

1960களின் இறுதியில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையிலான இளைஞர் பரிமாற்றத்தில் வளர்ந்த ஒரு முறைக்குத் 'தாண்டெம்' என்று பெயர். உன் மொழியை எனக்கு, என் மொழியை உனக்கு; நேரத்தில் பாதிப் பாதி. இதற்குத் தமிழர்களுக்கு வாய்ப்பு வீட்டிலேயே இருக்கிறது. டொரொன்டோவிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்து, ஆங்கிலத்தில் சரளமாகவும் தமிழில் தட்டுத் தடுமாறியும் பேசும் அண்ணன் மகளோ அத்தை மகனோ பலருக்கு உண்டு. பாட்டியோடு பேசும் அளவுக்கேனும் தமிழ் வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் ஏங்குகிறார்கள். காணொலி அழைப்பில் இருபது நிமிடம் ஆங்கிலம், இருபது நிமிடம் தமிழ் என்றால் யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை. அவர் தமிழில் தடுமாறுவதைப் பார்த்தால் இவருடைய கூச்சமும் பாதி போய்விடும்.

குழுவில் பேச விரும்புவோருக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள் உண்டு. ரால்ஃப் ஸ்மெட்லி 1924இல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் தொடங்கிய இந்த அமைப்புக்குச் சென்னை, கோவை போன்ற நகரங்களில் கழகங்கள் இருக்கின்றன. முன்னறிவிப்பின்றித் தலைப்புக் கொடுத்து ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசச் சொல்லும் பகுதி அங்கே உண்டு. இருவர் பயிற்சியிலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஐஇஎல்டிஎஸ் எழுதுவோர் அத்தேர்வின் பேச்சுப் பகுதியையே அச்சாகக் கொள்ளலாம். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள்.

குரலில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது பலருக்குத் துணையாகின்றன. இரவு இரண்டு மணிக்கும் பேசும், சிரிக்காது, சலிக்காது. ஆனால் குளறிப் பேசினாலும் ஊகித்துப் புரிந்துகொண்டு நகர்ந்துவிடும், 'என்ன சொன்னீங்க?' என்று நெற்றியைச் சுருக்காது. ஒத்திகைக்கு நல்லது. மனிதத் துணைக்கு மாற்றாக வைத்துக்கொண்டால், புரியவைக்கப் போராடும் பயிற்சி கிடைக்காமலே போகும்.

முன்னேற்றத்தை அறிவது

முதல் வாரப் பேச்சு ஒன்றைக் கைபேசியில் பதிவு செய்து வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே தலைப்பில் பேசிப் பதிந்து, இரண்டையும் இருவரும் சேர்ந்து கேட்கலாம். பிழைகளை எண்ணுவதைவிட நிறுத்தங்கள் எங்கே விழுகின்றன என்று பார்ப்பது பயன் தரும். சரளமாகப் பேசுவோரும் நிறுத்துவார்கள், ஆனால் பெரும்பாலும் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையில் நிறுத்துவார்கள். கற்பவர் வாக்கியத்தின் நடுவில், சொல்லுக்காக நிறுத்துவார். நடு நிறுத்தங்கள் வாக்கிய எல்லைக்கு நகரத் தொடங்கியிருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. நகரவில்லை என்றால் தலைப்புகளைக் குறைத்து, ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லும் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சில மாதங்களில் ஒருவர் பேசப்போவது மற்றவருக்கு முன்பே தெரிந்துவிடும். அரைகுறையாகச் சொன்னாலும் புரிந்துவிடும். அது நட்புக்கு நல்லது, பயிற்சிக்கு ஆகாது. அந்தக் கட்டத்தில் வாரத்தில் ஒரு நாளையேனும் வேறொருவருக்கு ஒதுக்க வேண்டும். மலையாளி, தெலுங்கர், வடகிழக்கு மாநிலத்தவர் என்று தமிழ் தெரியாத ஒருவராக அவர் இருந்தால், நடுவில் தமிழுக்குத் தாவும் வழியும் அடைபடும்.